ஏழு வேட்டிகளும் ஒரு பஞ்சு விரிப்பும்

காசிலிங்கம் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் மனைவி இசக்கியம்மாள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருப்பாள். பிறகு, "கப்பல் என்னைக்கு?" என்று கேட்பாள்.

விவரம் தெரியாதவர்கள் காதில் விழுந்தால், வந்த மனுஷனை வாசலிலேயே விரட்டுகிறாளே என்றுதான் நினைப்பார்கள். அப்படியில்லை. கொழும்பில் ஆள் இருக்கிற தூத்துக்குடி வீடுகளில் அது ஒரு வழக்கம். அவர் ராமேஸ்வரம் பக்கம் போய்க் கப்பலேறுகிற நாள் தெரிந்தால்தான், என்றைக்குக் கறி எடுப்பது, என்றைக்கு முந்திரிக்கொத்து உருட்டுவது, உடன்குடியிலிருந்து கருப்பட்டி எப்போது வரவழைப்பது என்று ஒரு பொம்பளை யோசிக்க முடியும். இருபத்தொரு வருஷத்தில் காசிலிங்கம் ஏழு தடவை வந்துபோனார். ஏழு தடவையும் அவள் கேட்டாள், அவரும் தேதி சொன்னார்.

எட்டாவது தடவை, எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில், அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். அங்கே தங்குவதற்கு இருந்த அனுமதியைப் புதுப்பித்துத் தரவில்லை. டிரங்குப் பெட்டி ஒன்று, போர்வையில் சுற்றிய தையல் மிஷினின் தலை ஒன்று, அவ்வளவுதான் கொண்டுவந்தது. இனித் திரும்ப முடியாது என்று முன்கூட்டியே கடிதமும் போட்டிருந்தார். ஆனால் பழகின நாக்கு சும்மா இருக்குமா? செம்பைத் திருப்பி வாங்கியதும் இசக்கியம்மாள், "கப்பல் என்னைக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்டவுடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் காசிலிங்கம் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. "இனி ஏதுளா கப்பல்?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், "தெரியலை" என்றார்.

இந்த ஒரு கேள்வியையும் ஒரு பதிலையும் வைத்துக்கொண்டு அவர்கள் ஐந்து மாதம் குடும்பம் நடத்தினார்கள். விருந்தாளிக்கு எடுக்கிற பெரிய தட்டில் அவள் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். ஒரே மகள் சந்தனமாரியைப் போன வருஷம்தான் புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது, அதனால் நடுவில் பேச ஆளில்லை. மிஷின் தலையை மட்டும் பழைய காலும் மேசையும் வாங்கி மாட்டி, கிடைத்த சில்லறைத் தையலைச் செய்தார். டிரங்குப் பெட்டி முன்அறை மூலையில் அப்படியே இருந்தது. அவர் காலையில் பெட்டியைத் திறந்து ஒரு சட்டையை எடுப்பார், துவைத்துக் காய்ந்ததும் மடித்துத் திரும்ப அதற்குள்ளேயே வைப்பார். 'எடுத்து வெளியே வையுங்க' என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் தானாக எடுத்து வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனைக்கும் அவருக்கு வயது நாற்பத்தாறு.

இதற்கிடையில் பம்பாயிலிருந்து தாணுலிங்கம் எழுதியிருந்தான். கொழும்புப் புறக்கோட்டைத் தையல்கடையில் காசிலிங்கத்துக்குப் பக்கத்து மிஷினில் பத்து வருஷம் உட்கார்ந்தவன். 'இங்கே எம்பிராய்டரிக்கு ஆள் போதவில்லை. சித்திரை கழிந்ததும் வந்துவிடு' என்று கடிதம். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ஒரு நாள் துவைக்க எடுத்த சட்டையிலிருந்து இசக்கியம்மாள் அதை எடுத்து, மாடத்தில் விளக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பவள்தான். ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை.

'போனா போகட்டும்னுதானே இருக்கா' என்று காசிலிங்கத்துக்குத் தோன்றியது. இருபத்தொரு வருஷம் ஆள் இல்லாமல் ஒரு வீட்டை நடத்தியவளுக்கு, ஆள் வந்து மூலையில் உட்கார்ந்தால் இடைஞ்சலாகத்தானே இருக்கும்? அவருக்குப் பம்பாய் பிடிக்கவில்லை. அவருக்குப் பிடித்ததெல்லாம் அடுக்களைக்குள் அவள் வளையல் சத்தம் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து மிஷின் மிதிப்பதுதான். இதை அவர் எப்படிச் சொல்வார்? அந்தக் காலத்து ஆண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வாய் வராது.

மாசிக் கடைசியில், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த செந்தில்வேல் அண்ணாச்சி ஒரு பெரிய மூட்டையோடு வந்தார். மூட்டைக்குள் இளம்பச்சைச் சாட்டின். உள்ளே பஞ்சு வைத்து, அடியில் மல் துணி கொடுத்து, கட்டம் கட்டமாகத் தைத்திருந்தது. இரட்டைக் கட்டிலுக்கு விரிக்கிற அளவு.

"காயல்பட்டினத்துல ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். பொண்ணோட அண்ணன் துபாய்ல இருந்து அனுப்பியிருக்கான். நடுவுல ஒரு ரோஜாக் கொத்து, தாம்பாளம் அளவுக்கு. நாலு மூலைக்கும் சின்னக் கொத்து. பூ நெருக்கமா இருக்கணுமாம், நூலுக்கு நூல் நடுவுல துணி கண்ணுல படப்படாதாம். முடியுமாவே?"

"கொழும்புல செய்யாத வேலையா அண்ணாச்சி?" என்றார் காசிலிங்கம்.

உண்மையில் கொழும்பில் அவர் செய்யாத வேலை அது. மல், வாயில், பாப்ளின் என்று மெல்லிய துணிகளில் ஆயிரக்கணக்கில் பூப் போட்டிருக்கிறார். பஞ்சு வைத்த துணியை மிஷினில் ஏற்றியதே கிடையாது. ஆனாலும் அண்ணாச்சியிடம் மார்தட்டியாயிற்று. இந்த ஒரு வேலை நன்றாக வந்தால் காயல்பட்டினத்து வேலையெல்லாம் அவரைத் தேடி வரும், தூத்துக்குடியிலேயே இருந்துவிடலாம். வராவிட்டால் பம்பாய் ரயில்தான் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அவளிடம் சொல்லவில்லை.

நல்லவேளை, அண்ணாச்சி அதே துணியில் ஒரு முழத்துண்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் சோதனை பார்த்தார். துணியை அழுத்துகிற மிஷின் பாதத்தைக் கழற்றினார், துணியை நகர்த்துகிற பற்களின் மேல் தகட்டைப் போட்டு மூடினார், துண்டை வளையத்தில் மாட்டி, வழக்கம்போலத் தட்டினால் சத்தம் வருகிற மாதிரி இழுத்து இறுக்கினார். அங்கேதான் முதல் தப்பு. பஞ்சு வளையத்துக்குள் நசுங்கியது. மிதிக்க மிதிக்க நூல் பஞ்சுக்குள் புதைந்து போனது. புதைகிறதே என்று மேலும் மேலும் நெருக்கி அடித்தார். ஊசி இரண்டு முறிந்தது. வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் பூ உள்ளங்கை அளவுக்கு விறைத்துக் கிடந்தது, அதைச் சுற்றிச் சாட்டின் முழுக்கச் சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பெரிய ஊசி போட்டார், மேல்நூலைத் தளர்த்தினார். ஊசி முறியவில்லை, ஆனால் சுருக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் செய்தித்தாளை அடியில் வைத்து அடித்தார். காகிதம் பாதியிலேயே பொத்துப் போய், தாள் மை சாட்டினில் கறுப்பாக ஏறியது. முழத்துண்டில் கடைசியாக ஒரு சாண் இடம்தான் மிச்சம். காசிலிங்கம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இசக்கியம்மாள் அடுக்களையிலிருந்து வந்து அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் அவர் வேலையை அவள் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

"இது எந்தப் பிள்ளைக்கு?"

"காயல்பட்டினத்துப் பிள்ளை. மாப்பிள்ளையும் துபாய்க்காரராம். கல்யாணம் முடிஞ்சு நாப்பது நாள்ல போயிருவாராம், அண்ணாச்சி சொன்னாரு."

அவள் பூவின் மேல் கன்னத்தை வைத்து அழுத்திப் பார்த்தாள். "குத்துது," என்றாள். "நாப்பது நாளைக்குப் பொறவு அந்தப் பிள்ளை இதுல தனியா கிடந்து முகத்தைப் புதைச்சுத்தான் அழும். பலகை மாதிரி இருந்தா எப்படிங்க?"

காசிலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் குனிந்து மிஷினைத் துடைக்கத் தொடங்கினார்.

"சுருக்கம் விழுதுல்லா, அதுக்கு அடியில பிடிமானம் வேணும்," என்றாள் அவளே. "வத்தல் போட்ட வேட்டி எப்படி இருக்கும்? காய்ஞ்சா விறைச்சு நிக்கும். பின்னால தண்ணி தெளிச்சா துவண்டுரும், வத்தலும் கழண்டுரும். அந்த மாதிரிக் கஞ்சி போட்ட துணியை அடியில கொடுங்க. வேலை முடிஞ்சதும் ஈரத்தைக் காட்டினா தானா மெதுவாயிரும்."

கொழும்பிலே பெரிய பெரிய மேஸ்திரிகளிடம் வேலை பார்த்த மனுஷனுக்கு இது தோன்றவில்லை. "ஏளா, நீ எங்கன இருந்தே இத்தனை நாளு?" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான், அந்தக் கேள்வியை அவளல்லவா கேட்க வேண்டும் என்று உறைத்தது. அவள் லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது.

"நைஞ்ச வேட்டியா இருக்கணும். புதுசு ஆகாது, ஊசிக்கு வழிவிடாது. பழசு ஏதும் இருக்கா?" என்றார்.

அவள் கொஞ்சம் நின்றாள். பிறகு உள்ளறைக்குப் போனாள். மரப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. நேரமாகியும் வராததால் அவர் எழுந்துபோய் அறை வாசலில் நின்று பார்த்தார். பெட்டியின் ஒரு பாதியில் அவள் சேலைகள். மறு பாதியில் வெள்ளை வெள்ளையாக வேட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று, மடிப்புக் கலையாமல். அவள் அடியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டிருந்தாள். அதன் நீலக்கரையில், மிஷின் எண்ணெய் பட்ட கறை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அது அவர் வேட்டி. எப்போதோ ஒரு தடவை ஊருக்கு வந்தபோது கட்டியிருந்தது.

"இதெல்லாம்..."

"நீங்க ஒவ்வொரு தரமும் புறப்படும்போது அவுத்துப் போட்டுட்டுப் போனது," என்றாள், பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே. "ஏழு இருக்கு. தெருவுல எல்லாவளும் புருஷன் வேட்டியிலதான் வத்தல் போடுவாளுவ. நான் என் சேலையைக் கிழிச்சுப் போட்டுக்கிடுவேன்."

"ஏன்?"

"ஆள் இல்லாத வீட்டுல வேட்டியாவது இருக்கட்டும்னுதான்."

வேட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். காசிலிங்கம் அதை வைத்துக்கொண்டு நின்றார். வருஷா வருஷம் எடுத்துத் துவைத்து வைத்ததில் அது வாழைக்குருத்தாக மெலிந்திருந்தது. அவர் அழுதார் என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். முகத்தைத் துடைக்கத் தோளில் துண்டு இல்லாததால் அந்த வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். அவ்வளவு சொன்னால் போதும்.

அப்போதே போய் அவளிடம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. முதலில் வேலை சரியாக வரட்டும், இங்கே பிழைக்க முடியும் என்று தெரிந்த பிறகு வாயைத் திறக்கலாம் என்று நினைத்தார்.

இசக்கியம்மாள் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, வேட்டியை முக்கிப் பிழிந்து, மொட்டைமாடியில் காயப்போட்டாள். நல்ல வெயில். ஆனால் சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் வேட்டி நமுத்துத் துவண்டு கிடந்தது. மறுநாளும் காயப்போட்டாள், அப்படியேதான். காசிலிங்கம் ஒரு ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புப் போட்டியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வத்தல் மாவு காய்ச்சுகிற கை, பழக்கத்தில் ஒரு படி மாவுக்கான உப்பை இந்தக் கொஞ்சக் கஞ்சியில் அள்ளிப் போட்டிருக்கிறது. கடற்கரைக் காற்றில் உப்பேறிய துணி எந்தக் காலத்தில் காயும்? ஊசியை வேறு துருப்பிடிக்க வைத்திருக்கும். "பச்சை மிளகாய், பெருங்காயம் போடலையே, அந்த மட்டுக்கும் தப்பிச்சோம்," என்றார் அவர். அவள் அடக்க முடியாமல் சிரித்தாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வேட்டியை நன்றாக அலசி, உப்பில்லாத கஞ்சியை இளக்கமாகப் போட்டுக் காயவைத்தார்கள். இந்தத் தடவை அது மொடமொடவென்று நின்றது.

இப்போது காசிலிங்கத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது. வளையத்துக்குள் பஞ்சுத் துண்டை மாட்டவே இல்லை. விறைத்த வேட்டியை மட்டும் மாட்டி, அதன் மேல் துண்டைச் சும்மா கிடத்தி, பூ வரும் இடத்தைச் சுற்றிக் கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்தார். பஞ்சு நசுங்கவில்லை. பிறகு இதழின் உள்ளே முதலில் அகல அகலமாகக் குறுக்குத் தையல் ஓட்டிப் பஞ்சைப் படிய வைத்தார். அது படிந்த பிறகு அதற்கு எதிர்த்திசையில் பட்டுநூலை நிரப்பினார். நூல் புதையாமல் மேலே நின்றது. நடுவில் தொடங்கி வெளியே வெளியே போனார். கடைசியாக மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் ஒரு சின்ன ரோஜா, ஒரு சுருக்கம் இல்லாமல் மலர்ந்து உட்கார்ந்தது.

ஆனால் பெரிய விரிப்பை மிஷினில் ஏற்றியதும் புதுத் தொல்லை வந்தது. அதன் கனம் மேசைக்கு அந்தப் பக்கம் தொங்கி, வளையத்தைத் தன் பக்கம் இழுத்தது. இதழின் கோடு கோணியது. இசக்கியம்மாள் ஒரு முக்காலியை இழுத்து மிஷினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். தொங்கின விரிப்பு முழுவதையும் அள்ளித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கனத்தை நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க ஊசியைப் பாருங்க."

அப்படிப் பதினெட்டு நாள். காலையில் வெளிச்சம் வந்ததிலிருந்து மத்தியானம்வரை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு மிஷின். முழங்காலும் முழங்காலும் இடிக்காத குறை. வளையம் நகர்கிற பக்கமாக அவள் மடியிலிருந்து விரிப்பைத் தளர்த்திவிடுவாள். சொல்ல வேண்டியதே இல்லை, ஊசி போகிற திக்கை அவள் கண் பார்த்துக்கொண்டிருந்தது. நூல் மாற்றுகிற இடைவெளியில் பேச்சு வந்தது. அறுபத்து நாலு புயலில், மச்சு கட்டாத பழைய வீட்டின் கூரை ஓடுகள் பறந்தபோது சந்தனமாரியைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்ததை அவள் சொன்னாள். அதே புயலில் ராமேஸ்வரம் பக்கம் கப்பல் ரயில் எல்லாம் போச்சு என்று கேட்டு, கடைவாசலில் நாலு நாள் சோறில்லாமல் தபால்காரனுக்காக உட்கார்ந்திருந்ததை அவர் சொன்னார். இரண்டு பேருக்கும் இது புதுச் செய்தி. கடிதத்தில் இருவருமே 'இங்கு யாவரும் நலம்' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

பூ நெருக்கமாகவும் இருக்க வேண்டும், விறைக்கவும் கூடாது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு இதழுக்கும் நடுவே நரம்பு மாதிரி ஒரு நூல் அகலம் இடம் விட்டார். பார்க்கிற கண்ணுக்கு அது நிழலாகத்தான் தெரியும், துணி தெரியாது. ஆனால் விரிப்பு அந்த இடத்தில் மடங்கிக்கொடுக்கும். முடிந்த பிறகு பின்பக்கம் பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேட்டியைக் கத்தரித்து எடுத்தார்கள். இசக்கியம்மாள் ஈரத்துணியால் பின்பக்கத்தை மட்டும், சாட்டினுக்கு ஈரம் ஏறாமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். கஞ்சி இளகியது. மறுபடியும் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் தள்ளினாள். அவரும் கன்னத்தை வைத்தார். மெத்தென்று இருந்தது, அவள் கன்னம் பட்ட இடம் இன்னும் சூடாக இருந்தது.

சித்திரை முதல் வாரம் செந்தில்வேல் அண்ணாச்சி வந்து விரித்துப் பார்த்தார். குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "யோவ், கொழும்புல இதையெல்லாமா சொல்லித் தந்தான்?" என்றார்.

"இல்லை அண்ணாச்சி. இது வீட்டுல படிச்சது."

நாலு நாள் கழித்து அண்ணாச்சி ஆள் அனுப்பினார். காயல்பட்டினத்தில் இன்னும் மூன்று வீட்டில் கேட்கிறார்கள், உடனே கடைக்கு வரச் சொல்லுங்கள் என்று. காசிலிங்கம் போய்ப் பேசிவிட்டுத் திரும்பும்போது நடை கொஞ்சம் வேகமாகவே இருந்தது. இன்று சொல்லிவிட வேண்டும். நான் பம்பாய்க்குப் போகவில்லை, உனக்கு இடைஞ்சல் இல்லை என்றால் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதை வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நன்றாக இல்லை.

வீட்டில் அவளைக் காணோம். மாடத்தில் தாணுலிங்கத்தின் கடிதம் அப்படியே இருந்தது. மாடிப்படி ஏறிப் போனார்.

மொட்டைமாடி வெயிலில் கண் கூசியது. தரை முழுக்க வெள்ளை வேட்டிகள் விரித்துக் கிடந்தன, நாலு ஓரத்திலும் செங்கல் வைத்து. ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக வத்தல். இசக்கியம்மாள் கடைசி வேட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து கரண்டியால் மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். காசிலிங்கம் எண்ணினார். ஆறு.

"என்ன ஏளா இது? இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வச்சிருந்தியே!"

அவள் நிமிரவில்லை. கரண்டி மட்டும் நின்றது.

"இனி எதுக்குங்க அது? ஆள்தான் இருக்காகளே." சொல்லிவிட்டு, குரல் இறங்கி, "இருப்பீங்கதான?" என்றாள்.

வழியெல்லாம் அவர் சொல்லிப் பார்த்த பேச்சு எல்லாம் மறந்துபோனது. செருப்பைக் கழற்றிவிட்டு, வத்தலை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு வந்ததும் ஒண்ணு கேட்டியே, கப்பல் என்னைக்குன்னு. இப்பச் சொல்லுதேன். கப்பல் கிடையாது. ரயிலும் கிடையாது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயிலுக்குத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு பழைய குரலில், "அப்பம் அந்த டிரங்குப் பெட்டியைக் காலி பண்ணிக் குடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"இவ்வளவு வத்தலை எதுல போட்டு வைப்பேன்?"

காசிலிங்கம் கீழே இறங்கிப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். சட்டைகளை எடுத்தார், மடிப்புக் கலையாமல் உள்ளறைக்குக் கொண்டுபோனார். மரப்பெட்டியில் அவள் சேலைகளுக்குப் பக்கத்தில், வேட்டிகள் இருந்த பாதி காலியாக இருந்தது. அங்கே அடுக்கி வைத்தார்.